தழும்பேறிய உடலில் நன்றி



பெற்றோர் இட்ட பெயரையே அச்சத்தால் மறந்துபோன ஒரு சிறுமியை எண்ணிப்பாருங்கள். 1869ஆம் ஆண்டளவில் சூடானின் டார்பூர் பகுதியில் பிறந்த அவளுக்கு, கடத்திச் சென்றவர்கள் சூட்டிய பெயர் பக்கீத்தா. அதிர்ஷ்டசாலி என்பது அதன் பொருள். எத்துணைக் கொடிய கேலி! அவள் பலமுறை விற்கப்பட்டாள். துருக்கிய இராணுவ அதிகாரியொருவரின் இல்லத்தில் அவளது உடலெங்கும் கத்தியால் கோலங்கள் கீறி, அக்காயங்களில் உப்பிட்டுத் தேய்த்தார்கள்.

1885இல் இத்தாலிக்குக் கொண்டுசெல்லப்பட்டவள், வெனிஸ் நகரில் கனோசா சபை அருட்சகோதரிகளிடம் இறைவனை அறிந்துகொண்டாள். அழைத்துச்செல்ல வந்த எசமானியுடன் போக மறுத்தாள். 1889 நவம்பர் 29இல் நீதிமன்றம் அவளைச் சுதந்திரப் பெண் என அறிவித்தது. மறு ஆண்டு சனவரியில் ஜோசபின் என்னும் பெயருடன் திருமுழுக்குப் பெற்று, 1896இல் துறவற வார்த்தைப்பாடு எடுத்தார். ஸ்கியோ நகர மடத்தில் சமையற்காரியாகவும் வாயிற்காப்பாளராகவும் பல்லாண்டுகள் பணிசெய்த அவரை, 2000ஆம் ஆண்டு திருச்சபை புனிதராக உயர்த்தியது.

தம்மைக் கடத்தியவர்களைக் கண்டால் முழந்தாளிட்டு அவர்களது கைகளை முத்தமிடுவதாக அவர் கூறுவதுண்டு. அவர்களின்றித் தாம் கிறிஸ்துவை அறிந்திருக்க இயலாது என்பதே காரணம். இதைக் கொண்டு, அடிமைத்தனத்தை அவர் நன்மையெனக் கருதினார் என்று எண்ணிவிடாதீர்கள். அவ்வாறு கருதியவர் எசமானியை எதிர்த்து நின்றிருப்பாரா?

காயமும் ஆறிவிடவில்லை. 1947 பெப்ரவரி 8இல் இறக்கும் தறுவாயில், சங்கிலிகள் பாரமாயிருப்பதாகவும் சற்றுத் தளர்த்துமாறும் தம்மைப் பராமரித்தவரிடம் மயக்கநிலையில் கெஞ்சினார். பின்னர் தேவமாதாவை அழைத்தவாறே கண்மூடினார்.