துப்பாக்கியிலிருந்து கம்பனுக்கு: வ.வே.சு. ஐயரின் பயணம்

இராமேஸ்வரத்திலிருந்து சென்னைக்குப் புறப்படும் ரயிலை இன்றும் பலர் 'போட் மெயில்' என்றே அழைக்கின்றனர். கப்பல் நின்று பல ஆண்டுகள் ஆனபின்னும் பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பிறகே அந்த ரயில் இந்தக் கடற்கரைக்கு வந்தது. தனுஷ்கோடியில் இறங்கிய பயணிகள் அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் சென்றனர். அதற்கு முன்னர் இலங்கைப் பயணிகளை ஏற்றிவந்த போட் மெயில் தூத்துக்குடிக்கும் சென்னைக்கும் இடையே ஓடியது. மணியாச்சி சந்திப்பு அதன் வழியில் இருந்தது.

1911 ஜூன் 17 காலை, அந்த ரயிலின் வருகைக்காக மணியாச்சியில் நின்ற முதல் வகுப்புப் பெட்டி ஒன்றில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ் தம் மனைவியுடன் அமர்ந்திருந்தார். இருவரும் கொடைக்கானலுக்குப் புறப்பட்டிருந்தனர். பெட்டியில் ஏறிய செங்கோட்டை வாஞ்சிநாதன் என்ற 25 வயது இளைஞர், மறைத்து வைத்திருந்த சிறிய கைத்துப்பாக்கியை எடுத்து ஆட்சியரைச் சுட்டார். பின்னர் நடைமேடையிலிருந்த கழிவறைக்குள் ஓடி, அதே துப்பாக்கியால் தம் உயிரையும் மாய்த்துக்கொண்டார்.

இந்த நிகழ்வை நாம் வாஞ்சியின் பெயராலேயே நினைவுகூர்கிறோம். ஆனால், அந்தத் துப்பாக்கிக்குப் பின்னே மற்றொருவரின் வாழ்க்கையும் இருக்கிறது. தமிழ்ச் சிறுகதையின் முன்னோடி என்றும், திருக்குறளை ஆங்கிலத்தில் தந்தவர் என்றும், கம்பனின் பெருமையை உலகக் காவியங்களோடு ஒப்பிட்டு நிறுவியவர் என்றும் போற்றப்படும் வ.வே.சு. ஐயரே அவர்.

திருச்சியை அடுத்த வரகனேரியில் 1881-இல் பிறந்த வேங்கடேச சுப்பிரமணிய ஐயர், சட்டம் பயின்று வழக்குரைஞரானார். சில காலம் ரங்கூனில் தொழில் நடத்திவிட்டு, பாரிஸ்டர் பட்டம் பெறுவதற்காக 1907-இல் லண்டன் சென்றார். அங்கே இந்தியா ஹவுஸ் விடுதி அவரை ஈர்த்தது. சாவர்க்கரின் நெருங்கிய தோழரானார். தேர்வில் வெற்றி பெற்றும், மன்னருக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க மறுத்துப் பட்டத்தைத் துறந்தார்.

அந்த விடுதியின் இளைஞர்கள் நாடியது ஒரு குறிப்பிட்ட வகை ஆயுதம். 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் இந்தியர் எவரும் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. ஐரோப்பியருக்கோ விலக்கு உண்டு. எனவே, ஆயுதம் கடல் கடந்துதான் வர வேண்டும். பெட்டியின் அடித்தட்டில் ஒளிக்கவும், சட்டைக்குள் வெளியே தெரியாமல் வைக்கவும் அது ஏற்றதாக இருக்க வேண்டும்.

இத்தேவைக்கு ஏற்ற பொருளை அப்போதுதான் பெல்ஜிய ஆலை ஒன்று ஐரோப்பியக் கடைகளில் குவித்துக்கொண்டிருந்தது. அமெரிக்கரான ஜான் பிரௌனிங் வடிவமைத்த தானியங்கிக் கைத்துப்பாக்கி அது. பழைய ரிவால்வரில் குண்டுகளைத் தாங்கும் உருளை புடைத்து நிற்கும். உடைக்குள் வைத்தால் வெளியே தெரிந்துவிடும். பிரௌனிங்கில் அந்த உருளை இல்லை. தோட்டாக்கள் கைப்பிடிக்குள்ளேயே அடுக்கப்பட்டிருக்கும். ஆகவே, அது தட்டையாக இருந்தது. துணியில் சிக்கும்படி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சுத்தியலும் 1900-ஆம் ஆண்டு வடிவத்தில் இல்லை. எடை முக்கால் கிலோவுக்கும் குறைவு. ஒரு கூட்டில் ஏழு தோட்டாக்கள்.

வீட்டிலும் வழியிலும் தற்காத்துக்கொள்ள விரும்பிய ஐரோப்பிய நடுத்தர வகுப்பினருக்காகச் செய்யப்பட்ட இக்கருவியை வரலாறு வேறு கைகளில் சேர்த்தது. 1904-இல் ஹெல்சிங்கியில் ரஷ்ய ஆளுநரைக் கொன்றதும், 1909-இல் ஹார்பின் ரயில் நிலையத்தில் ஜப்பானியத் தலைவர் இட்டோ ஹிரோபுமியைக் கொன்றதும் இதே வகைத் துப்பாக்கிதான். அடிமைப்பட்ட நாடுகளின் கோபக்கார இளைஞர்கள், ஒருவரையொருவர் அறியாமலேயே ஒரே ஆயுதத்தைத் தேர்ந்தெடுத்தனர். பெரும்படையைத் திரட்ட வழியில்லாதவனுக்கு, கூட்டத்தோடு கூட்டமாக நடந்து சென்று கைக்கெட்டும் தூரத்தை அடைய உதவும் கருவி எதுவோ அதுவே போதுமானதாகத் தோன்றியது.

1909 தொடக்கத்தில் இந்தியா ஹவுஸின் சமையற்காரர் ஒருவர் இருபது பிரௌனிங் துப்பாக்கிகளைப் பெட்டியில் மறைத்து பம்பாய்க்குக் கொண்டுவந்தார். அவற்றுள் ஒன்று அவ்வாண்டு டிசம்பரில் நாசிக் ஆட்சியர் ஜாக்சனைக் கொன்றது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, ஜூலை முதல் நாள், லண்டனில் மதன்லால் திங்ரா கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்றார். குறுக்கே வந்து தடுக்க முயன்ற பார்சி மருத்துவர் லால்காகாவும் குண்டடிபட்டு இறந்தார்.

அதே ஆண்டு அக்டோபரில் லண்டன் இந்தியர்கள் தசரா விருந்து ஒன்றை நடத்தினர். தலைமை தாங்க வந்தவர், அப்போது தென்னாப்பிரிக்காவிலிருந்து லண்டன் வந்திருந்த காந்தி. விருந்துக்கான சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அவரை இன்னாரென்று அறியாமல் இளைஞர்கள் வேலை வாங்கினர் என்றும், ஐயர் வந்த பிறகே அவர் யாரென்று தெரிந்தது என்றும் டாக்டர் தி.சே.சௌ. ராஜன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். அன்று காந்தியும் சாவர்க்கரும் இராமாயணத்தை முன்வைத்தே பேசினர். ஒருவருக்கு அது சத்தியத்துக்காகத் துன்பம் ஏற்றவர்களின் கதை. மற்றவருக்கு அது கொடுங்கோலனை அழித்த போரின் கதை. ஐயர் அப்போது இரண்டாம் அணியில் இருந்தார்.

1910 மார்ச்சில் சாவர்க்கர் கைதானார். அவரை ஏற்றிச் சென்ற கப்பல் மார்சேய் துறைமுகத்தில் நின்றபோது அவரை மீட்க ஐயரும் மேடம் காமாவும் விரைந்ததாகவும், சற்றே தாமதித்ததால் அம்முயற்சி வீணானதாகவும் கூறுவர். பின்னர், தம்மைத் தேடிய போலீஸாரின் கண்ணில் மண்ணைத் தூவி, தாடி வளர்த்து மாறுவேடம் பூண்டு தாயகம் திரும்பினார். பெட்டியில் இருந்த வி.வி.எஸ். என்ற முதலெழுத்துகளைச் சுட்டிக் கேட்டபோது, வீர விக்கிரம சிங் என்று பெயர் சொல்லித் தப்பியதாக ஒரு கதை வழங்குகிறது. 1910 முடிவதற்குள் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியை அடைந்தார். பாரதியும் அரவிந்தரும் அங்கே ஏற்கெனவே அடைக்கலம் புகுந்திருந்தனர்.

புதுச்சேரியில் ஐயர் இளைஞர்களுக்கு உடற்பயிற்சியோடு துப்பாக்கிப் பயிற்சியும் அளித்தார். திருவிதாங்கூர் வனத்துறையில் எழுத்தராக இருந்த வாஞ்சி, 1911 தொடக்கத்தில் விடுப்பு எடுத்து அங்கு சென்றார். ரௌலட் குழுவின் அறிக்கையும் இத்தொடர்பைப் பதிவு செய்துள்ளது. மணியாச்சியில் கிடைத்தது பெல்ஜியப் பிரௌனிங். அது பாரிஸிலிருந்து வந்தது என்பது நெடுங்காலமாகக் கூறப்படும் செய்தி.

அந்தச் சிறிய ஆயுதம் எதைச் சாதித்தது? ஓர் ஆட்சியர் இறந்தார். வாஞ்சி இறந்தார். தேடுதல் வேட்டைக்கு அஞ்சி மேலும் இரண்டு இளைஞர்கள் தற்கொலை செய்துகொண்டனர். நீலகண்ட பிரம்மச்சாரி உள்ளிட்ட 14 பேர் குற்றவாளிக் கூண்டில் நின்றனர். வாஞ்சியின் இளம் மனைவி பொன்னம்மாள் கைம்பெண்ணானார். தமிழகத்தில் தலைமறைவு இயக்கம் அத்துடன் ஒடுங்கியது. ஆஷ் இருந்த நாற்காலியில் வேறொரு வெள்ளை அதிகாரி அமர்ந்தார்.

அந்த இளைஞர்களின் தியாகத்தைச் சிறுமைப்படுத்துவது நம் நோக்கமன்று. வ.உ.சி.யின் கப்பல் நிறுவனத்தை நசுக்கி, அவரைச் செக்கிழுக்க வைத்த ஆட்சியின் மீது எழுந்த சினம் நியாயமானது. ஆயினும், மறைத்து எடுத்துச் செல்லத்தக்க ஆயுதத்தைத் தேர்ந்தெடுப்பவர், அதற்கேற்ற அரசியலையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார். இரகசியம் காக்க நம்பிக்கைக்குரிய சிலர் மட்டும் போதும்; பலர் சேர்ந்தால் ஆபத்து. எனவே, அந்த வட்டம் தெரிந்தவர், உறவினர், ஒத்த பழக்கமுடையவர் என்று குறுகிவிடுகிறது. வாஞ்சியின் சட்டைப்பையில் கிடைத்த கடிதம் வெள்ளையர் ஆட்சியை எதிர்த்த அதே மூச்சில், மாட்டிறைச்சி உண்ணும் மிலேச்சர் என்று மன்னரை வெறுத்தது. நாட்டின் விடுதலையும் ஒரு சாராரின் ஆசாரமும் அதில் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தன.

ஐயர் பிரெஞ்சு எல்லைக்குள் இருந்ததால் ஆஷ் வழக்கில் விசாரிக்கப்படவே இல்லை. அடுத்த ஒன்பது ஆண்டுகள் புதுச்சேரியே அவருக்கு உலகமாயிற்று. அங்குதான் அவர் எழுத்தாளரானார். நெப்போலியன், மாஜினி, கரிபால்டி ஆகியோரின் வரலாறுகளை எழுதினார். திருக்குறளின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1916-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு 'மங்கையர்க்கரசியின் காதல்' தொகுப்பு வந்தது. அதில் இடம்பெற்ற 'குளத்தங்கரை அரசமரம்' கதையில், நாடாளும் வீரனோ போரோ இல்லை. குடும்பத்தாரின் அலட்சியத்தால் உயிர்விட்ட ஓர் ஏழைப் பெண்ணின் துயரத்தை ஒரு மரம் சொல்கிறது. படைகளைப் பற்றிப் படித்தும் எழுதியும் வந்தவரின் கவனம், யாரும் பொருட்படுத்தாத ஒரு சிறுமியின் மீது திரும்பியிருந்தது.

முதல் உலகப் போருக்குப் பின் கிடைத்த பொதுமன்னிப்பால் 1920-இல் தாயகப் பகுதிக்குத் திரும்பினார். இப்போது காந்தியின் வழியை ஏற்றிருந்தார். 'தேசபக்தன்' நாளிதழின் ஆசிரியரானார். அதில் வெளிவந்த ஒரு கட்டுரைக்காக 1921-இல் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. துப்பாக்கி தூக்கியபோது பிடிபடாதவர், ஒளிவுமறைவின்றி அச்சிட்ட எழுத்துக்காகச் சிறை சென்றார். பெல்லாரிச் சிறையில்தான் கம்பராமாயணம் பற்றிய ஆங்கில ஆய்வு நூலை எழுதினார். ஹோமர், வர்ஜில், மில்டன் ஆகியோரோடு கம்பனை நிறுத்தி எடைபோட்ட நூல் அது. லண்டன் தசரா விருந்தில் இரு தரப்பினரும் தத்தம் அரசியலுக்கு எடுத்தாண்ட அதே காவியத்தை, இம்முறை அவர் காவியமாகவே நின்று கற்றார்.

விடுதலைக்குப் பின் சேரன்மாதேவியில் தமிழ்க் குருகுலத்தை நிறுவினார். தேசியக் கல்வி, உடலுழைப்பு, தமிழ் ஆகிய மூன்றும் இணைந்த கனவு அது. காங்கிரஸ் பணம் தந்தது. எல்லாச் சமூகத்தாரும் நன்கொடை அளித்தனர். அங்கே பிராமண மாணவர் இருவருக்குத் தனியே உணவு பரிமாறப்பட்ட செய்தி வெளிப்பட்டபோது நாடே கொந்தளித்தது. ஐயர் எவரோடும் சேர்ந்து உண்ணத் தயங்காதவர். பெற்றோரின் வேண்டுகோளுக்கு இணங்கியே அந்தச் சலுகையை அளித்தார். ஆனாலும், பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளியில் இரண்டு பந்தி எதற்கு என்று பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எழுப்பிய கேள்வி நியாயமானது. அதற்குத் தக்க விடையை ஐயரால் அளிக்க இயலவில்லை. பொறுப்பிலிருந்து விலகினார். அவ்வாண்டின் இறுதியில் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். தமிழக அரசியலின் திசை மாறியது.

ஐயரின் வாழ்வில் மிகக் கடினமான சோதனை எது என்று எண்ணிப் பார்த்தால், அது லண்டனிலோ மார்சேயிலோ நிகழவில்லை. சேரன்மாதேவியின் சாப்பாட்டுக் கூடத்தில்தான் நிகழ்ந்தது என்று தோன்றுகிறது. மறைவாக ஓர் ஆயுதத்தைச் சுமந்து செல்ல ஒருவரின் துணிவு போதும். எல்லாரையும் ஒரே வரிசையில் உட்கார வைக்க, தம்மவர் என்று நம்புவோரின் அதிருப்தியையும் எதிர்கொள்ளும் துணிவு வேண்டும். முன்னதில் தேர்ந்த மனிதர் பின்னதில் தடுமாறினார். அது அவர் ஒருவரின் தடுமாற்றம் மட்டுமன்று. அந்தத் தலைமுறையின் தேசியமே அதில் தடுமாறியது.

1925 ஜூன் 3. மாணவர்களுடன் பாபநாசம் அருவிக்குச் சென்றிருந்தார். கல்யாணி தீர்த்தத்தில் மகள் சுபத்திரை கால் தவறி விழுந்தாள். அவளைக் காப்பாற்றக் குதித்த ஐயரும் நீரோடு போனார். அப்போது அவருக்கு வயது 44. கடல் கடந்தும் ஒற்றர்களிடம் அகப்படாதவர், உயிரைப் பறிப்பதற்காக அல்லாமல் ஓர் உயிரைக் காக்கும் முயற்சியில் மறைந்தார்.

இராமேஸ்வரத்துக்கு வரும் பயணி, கோயிலின் தீர்த்தங்கள் இருபத்திரண்டிலும் நீராடிவிட்டு இராமநாதரை வணங்குகிறார். இராவணனைக் கொன்ற பாவம் தீர, இராமன் இங்கே சிவலிங்கத்தை வழிபட்டான் என்பது தலபுராணம். அறத்தின் பக்கம் நின்று நடத்திய போருக்குக்கூடக் கழுவாய் தேட வேண்டும் என்று நம் முன்னோர் கருதியிருக்கின்றனர். கொன்றது கொடியவனைத்தான் என்றாலும், கொன்ற கையைக் கழுவாமல் அயோத்திக்குப் போக முடியாது என்பதே அக்கதையின் உட்பொருள்.

ஐயர் தம் இளமைக்கால வழியை எண்ணி வருந்தினாரா என்று நாம் ஊகிக்க வேண்டியதில்லை. அவர் செய்தவையே போதிய சான்று. துப்பாக்கியை வைத்துவிட்டு எழுதுகோலையும் பள்ளிக்கூடத்தையும் கையில் எடுத்தார். மணியாச்சிச் சந்திப்பு இன்று வாஞ்சியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அது தக்க மரியாதையே. அந்நிலையத்தைக் கடக்கும் இளைஞர்களுக்கு, அங்கு வெடித்த துப்பாக்கியின் கதையோடு, அதைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் பின்னர் எங்கே போய்ச் சேர்ந்தார் என்ற கதையையும் நாம் சொல்லியாக வேண்டும்.