முதலாம் இராசேந்திர சோழன்

முதலாம் இராசேந்திர சோழன் (ஆட்சிக்காலம்: கி.பி. 1014–1044), தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய முதலாம் இராசராச சோழனின் மகனும் அவனுக்குப் பின் அரியணை ஏறிய சோழப் பேரரசனும் ஆவான். 1012 இல் இளவரசுப் பட்டம் பெற்றான்.

கங்கைப் படையெடுப்பு

ஏறத்தாழ 1023 இல் சோழர் படை கலிங்கத்தைக் கடந்து சென்று வங்காளத்தின் பால மன்னன் மகிபாலனை வென்றது. இராசேந்திரன் கங்கைக்கரை வரை செல்லவில்லை. படைத்தலைவன் கொண்டுவந்த கங்கை நீரை அவன் கோதாவரிக் கரையில் பெற்றுக்கொண்டதாகத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் கூறுகின்றன. இவ்வெற்றியால் கங்கைகொண்டான் எனப் பெயர் பெற்றான்.

நாடு திரும்பிய பின்

வெற்றியின் நினைவாகக் கொள்ளிடத்துக்கு வடக்கே கங்கைகொண்ட சோழபுரம் என்னும் புதிய தலைநகரை அமைத்து, அங்கு பெரும் சிவன் கோயிலையும் கட்டினான். இதனால் தஞ்சாவூர் தலைநகர் என்னும் நிலையை இழந்தது. வெற்றித்தூண் நாட்டுவதற்கு மாறாக, சோழகங்கம் என்ற ஏரியை வெட்டுவித்தான். அரியலூர் மாவட்டத்திலுள்ள இவ்வேரி இன்று பொன்னேரி எனப்படுகிறது. 1025 அளவில் இவனது கடற்படை கடாரத்தையும் வென்றது.

இறப்பு

1044 இல் தலைநகருக்கு வெகு வடக்கே, இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துப் பிரமதேசத்தில் இறந்ததாகக் கருதப்படுகிறது. அரசி வீரமாதேவியும் உடன் உயிர் நீத்தாள். இருவரின் தாகம் தணிய, அரசியின் உடன்பிறந்தான் அங்கு தண்ணீர்ப் பந்தல் அமைத்ததை அவ்வூர்க் கல்வெட்டு தெரிவிக்கிறது.