கதை சொன்ன பேராசிரியர்

உங்கள் மகன் பறவைநாகம், குள்ளர், மாயமோதிரம் என்று ஏதோ ஒரு தடித்த புத்தகத்தில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஜெபமாலை நேரத்தையும் மறந்துவிடுகிறான். ஞானோபதேசம் படிக்கும் வீட்டில் இந்தக் கட்டுக்கதை தகுமா என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதை எழுதியவர் யாரென்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

ஜான் ரொனால்ட் ரூயல் டோல்கீன் 1892-ம் ஆண்டு ஜனவரி 3-ம் நாள் தென்னாப்பிரிக்காவில் புளூம்பொன்டெய்ன் நகரில் பிறந்தார். நான்கு வயதில் தகப்பனாரை இழந்தார். இரு மக்களோடு இங்கிலாந்தில் வசித்த தாயார் மேபெல் அம்மாள் 1900-ம் ஆண்டு கத்தோலிக்குத் திருச்சபையில் சேர்ந்தார். அதோடு கஷ்டகாலம் பிறந்தது. உறவினர் சினங்கொண்டனர், பண உதவி செய்துவந்த தமக்கை தங்கை வழிச் சொந்தமும் கையை விரித்துவிட்டது. அம்மாளோ விசுவாசத்தை விடவில்லை. மக்களுக்குத் தாமே லத்தீனும் சித்திரமும் கற்பித்தார். நீரிழிவு நோயால் 1904-ம் ஆண்டு நவம்பரில், 34 வயதில் மரித்தார். இன்சுலின் கண்டுபிடிக்கப்பட இன்னும் 17 ஆண்டுகள் இருந்தன. பன்னிரண்டு வயதில் அநாதையான ரொனால்ட், தம் தாயை ஒரு வேதசாட்சியாகவே கடைசிமட்டும் எண்ணிவந்தார்.

அம்மாள் சாகுமுன் பிள்ளைகளைப் பர்மிங்காம் ஓரட்டரி மடத்துக் குருவாகிய பிரான்சிஸ் மார்கன் சுவாமியாரிடம் ஒப்படைத்திருந்தார். அர்ச். நியூமன் கர்தினால் ஸ்தாபித்த மடம் அது. சுவாமியார் தம் சொந்தப் பணத்தையும் போட்டு அவர்களை வளர்த்தார். சிறுவர் இருவரும் காலையில் அவருடைய பூசைக்கு உதவிசெய்த பிறகே பள்ளிக்கூடம் போவார்கள். (நம் பீடச் சிறுவர்கள் கவனிப்பார்களாக!)

முதல் உலகயுத்தத்தில் சோம் போர்க்களத்தைக் கண்டு திரும்பிய டோல்கீன், 1925-ல் ஆக்ஸ்போர்டில் பேராசிரியரானார். பிள்ளைகள் நால்வர். 1920 முதல் 1943 வரை கிறிஸ்மஸ் தாத்தா எழுதுவதுபோல் ஆண்டுதோறும் அவர்களுக்குப் படம் வரைந்து கடிதம் எழுதுவார். அவர்களுக்குச் சொன்ன கதைதான் 1937-ல் ‘ஹாபிட்’ என்று வெளிவந்தது. அதை அச்சிடலாமா என்று தீர்ப்புச் சொன்னவன் பதிப்பாளரின் பத்து வயது மகன். கூலி ஒரு ஷில்லிங்!

1939-ல் ஸ்காட்லாந்தில் அவர் செய்த பிரசங்கமொன்று உங்கள் கேள்விக்கே மறுமொழியாகும். சர்வேசுரனுடைய சாயலாக உண்டாக்கப்பட்டபடியால் மனிதனும் கதையுலகைப் படைக்கிறான் என்றார். எல்லாம் கைவிட்டுப்போன வேளையில் எதிர்பாராத ஆனந்தம் வந்து சேர்வதே நல்ல கதையின் உயிர் என்றார். அப்படிப்பட்ட கதைகளுள் மெய்யாகவே நடந்தது ஒன்று உண்டு: சேசுநாதருடைய பிறப்பும் உத்தானமும்.

1954-55-ல் வெளிவந்த மோதிரக் கதையில் கோவிலும் இல்லை, குருவும் இல்லை. ஆயினும் தீய மோதிரத்தை அழிக்க நண்பர்கள் புறப்படும் நாள் டிசம்பர் 25. அது அழியும் நாள் மார்ச் 25, மங்களவார்த்தைத் திருநாள். இங்கே சற்று நில்லுங்கள். கதாநாயகன் கடைசி நிமிஷத்தில் சோதனையில் தோற்றுப்போகிறான்! மோதிரத்தை எறிய மனமில்லை. முன்பு ஒரு துஷ்டனுக்கு இரங்கி அவனைக் கொல்லாமல் விட்டிருந்தார்களே, அந்த இரக்கத்தின் பலனாலேயே உலகம் தப்புகிறது. தேவ இஷ்டப்பிரசாதத்தைப் பற்றி இவ்வளவு நன்றாகச் சிறுவர் மனதில் பதியவைக்கும் கதை எனக்கு வேறு தெரியாது. ஆனாலும் மிகச் சிறியவர்களுக்கு அது கனமான புத்தகம். அவர்களுக்கு ‘ஹாபிட்’ போதும். ஜெபமாலை மணிக்கு எந்தப் புத்தகமானாலும் மூடிவைக்கச் சொல்லுங்கள்.

டோல்கீன் 1973-ம் ஆண்டு செப்டம்பர் 2-ம் நாள் தமது 81-ம் வயதில் மரித்தார். ஆக்ஸ்போர்டில் பதுவை அர்ச். அந்தோனியார் கோவிலில் அவருக்காக மரித்தோர் பூசை நடந்தது. அதை நிறைவேற்றிய குருவானவர் அவருடைய மூத்த மகன் ஜான்; கிறிஸ்மஸ் தாத்தாவின் முதற் கடிதம் பெற்ற பிள்ளை.