சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ஊழியம் செய்த டாக்டரம்மா



அம்மாபேட்டையிலிருந்து வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகாத குடும்பம் நம் சபையில் குறைவு. ராத்திரி பஸ் ஏறி, விடியும்போது சீட்டுக்கு வரிசையில் நின்றிருக்கிறோம். அதே ஆஸ்பத்திரியில், இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாத ஒரு டாக்டரம்மா சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆபரேஷன் செய்தார்கள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

டாக்டர் மேரி வர்கீஸ் 1925ல் கேரளாவில், கொச்சிக்குப் பக்கத்தில் செராய் என்ற ஊரில் பிறந்தார். ஐடா ஸ்கடர் அம்மையார் ஆரம்பித்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டரானார். பெண்களுக்கான வைத்தியத்தில் தேர்ச்சி பெறவேண்டும் என்பது அவர் ஆசை.

1954 ஜனவரி 30ந் தேதி. சக டாக்டர்களோடு சந்தோஷமாக வெளியூர் புறப்பட்ட வண்டி வழியில் கவிழ்ந்தது. மேரிக்கு முகம் கிழிந்தது. முதுகுத் தண்டுவடமும் அடிபட்டது. அப்போது வயது 28. அதற்குப் பிறகு அவர் கால்கள் நடக்கவே இல்லை.

மாதக்கணக்கில் படுக்கை. உணர்வில்லாத உடம்பு ஒரே பக்கமாகக் கிடந்தால், எலும்பு அழுத்துகிற இடத்தில் ரத்தம் ஓடாது. தோல் செத்துப்போய்ப் புண்ணாகும். வலி தெரியாததால் நோயாளி சத்தம் போடமாட்டார். அதனால் இரண்டு மணிக்கு ஒருதரம், ராத்திரியிலும், ஆள் நின்று புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இதை இவ்வளவு விளக்கமாக எழுதக் காரணம் இருக்கிறது.

பல வருஷத்துக்கு முன் நம் பக்கத்துத் தறிக்கார சகோதரன் ஒருவர் தென்னைமரத்திலிருந்து விழுந்து இதே நிலைமையில் கிடந்தார். மூன்று நாள் உபவாச ஜெபம் எடுத்தோம். எண்ணெய் பூசினோம். எழும்பவில்லை என்றதும், மறைவான பாவம் ஏதாவது உண்டா என்று யோசித்துப் பார்க்கச் சொன்னேன். சொன்னது நான்தான். அவர் முதுகை நாங்கள் யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. அவர் மனைவி ஒருத்தியாகப் புரட்ட முடியாமல் அழுதிருக்கிறாள். எங்களுக்குச் சொல்ல அவளுக்கு வெட்கம். சீழ் வாடை வந்த பிறகுதான் தெரிந்தது. அந்தப் புண்ணே அவரைக் கொண்டுபோய்விட்டது. ஆண்டவர் சுகமாக்குகிறவர் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் கிடையாது. ஆனால் அந்த வீட்டு வாசலைத் தாண்டும்போதெல்லாம் தலை குனிந்துதான் போகிறேன்.

மேரியிடம் வருவோம். அந்நாளில் டாக்டர் பால் பிராண்ட் வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளைச் சரிசெய்துகொண்டிருந்தார். வியாதி விரலைத் தின்றுவிடும் என்றுதானே நம் பாட்டிமார் சொன்னார்கள்? அப்படியில்லை. வியாதி நரம்பைக் கெடுக்கிறது. சுடுவது, வெட்டுவது தெரியாமல்போய், காயத்தின்மேல் காயம்பட்டு விரல் தேய்கிறது. நல்ல தசைநார் ஒன்றை எடுத்து விரலுக்கு மாற்றிக் கட்டினால் மடங்கிய கை விரியும், சாதம் பிசையும், மண்வெட்டி பிடிக்கும். இந்த ஆபரேஷனை உட்கார்ந்தே செய்யலாம் என்று பிராண்ட் மேரிக்கு வழிகாட்டினார். கால் மரத்துப்போன டாக்டரம்மா, கை மரத்துப்போனவர்களுக்குக் கையைத் திருப்பிக் கொடுத்தார்! எனக்கு முடியவில்லை என்று சொல்ல வரும் நோயாளிக்கு, எதிரே நாற்காலியில் இருப்பவரைப் பார்த்ததும் பேச்சே வந்திருக்காது.

பிறகு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக்குப் போய், பிறர் தயவில்லாமல் தன் காரியத்தைத் தானே பார்க்கப் பழகினார். அடுத்து அமெரிக்காவில், நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். ஊனமுற்றவர் அங்கேயே வசதியாக இருந்துவிடலாம் அல்லவா? அவர் இருக்கவில்லை. திரும்பி வந்து, வேலூரில் அந்தப் புதுத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966ல் பாகாயத்தில், நோயாளிகள் தங்கிப் பழகுகிற மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இந்தியாவில் அப்படிப்பட்டவற்றில் அதுதான் முதலாவது. இன்றைக்கும் நடக்கிறது.

மரத்திலிருந்து விழுந்தவர்கள், வண்டியில் அடிபட்டவர்கள் எல்லாரும் இப்படிப்பட்ட இடத்தில் என்ன கற்கிறார்கள்? கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது. கைகளை ஊன்றி அடிக்கடி உடம்பைத் தூக்கி, புண் வராமல் காப்பது. கண்ணாடி வைத்துத் தன் முதுகைத் தானே பார்ப்பது. மூத்திரப் பையைச் சுத்தமாக வைப்பது. கூட வந்திருக்கும் மனைவியும் தாயும் பக்கத்திலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும். ஏனென்றால் டிஸ்சார்ஜ் ஆன பிறகு அவர்கள்தான் டாக்டர், அவர்கள்தான் நர்ஸ்.

1963ல் டாரத்தி கிளார்க் வில்சன் என்பவர் இந்த அம்மாவின் வாழ்க்கையை ஆங்கிலத்தில் புத்தகமாக எழுதினார். 1972ல் அரசாங்கம் பத்மஸ்ரீ கொடுத்தது. 1986 டிசம்பரில் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். விபத்துக்குப் பின் 32 வருஷம், ஒருநாளும் நடக்கவில்லை. அவருக்கு விசுவாசம் குறைவு என்று சொல்ல இப்போது எனக்கு நாக்கு வராது.

நம் சபையில் பக்கவாதத்தில் படுத்திருக்கும் தாயார் வீட்டுக்கு ராத்திரி முறை வைத்து இரண்டு இரண்டு பேராகச் சகோதரிகள் போய்வருகிறார்கள். செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் இன்னும் ஆள் சேரவில்லை. வரக்கூடியவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னிடம் பேர் கொடுங்கள். புரட்டத் தெரியாதே என்று தயங்க வேண்டாம், அந்தம்மாவின் மகளே சொல்லிக்கொடுப்பாள்.