பாட்ரிக் பெர்குசனும் அவரது ரைபிளும்

1776-ஆம் ஆண்டு சரித்திர மாணவர் மறத்தற்கரிய ஆண்டாகும். அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் தம் சுதந்தரத்தைப் பிரகடனம் செய்ததும், ஆதாம் ஸ்மித் நாடுகளின் செல்வத்தைப் பற்றிய தமது பெருநூலை வெளியிட்டதும் அவ்வாண்டிலேயே. அதே ஆண்டில், லண்டன் மாநகரை அடுத்த உல்விச் என்னுமிடத்தில், பெய்யும் மழையிலும் வீசும் காற்றிலும் ஒரு புதுத் துப்பாக்கி பரீக்ஷிக்கப்பட்டது. அதனை அமைத்தவரும், தம் கையாலேயே சுட்டுக் காட்டியவரும் பாட்ரிக் பெர்குசன் என்னும் ஸ்காத்லாந்து வீரர். அத்துப்பாக்கி ராணுவத்துக்கென நூறு அளவிலேயே செய்யப்பட்டது. அதற்கென்று அமைந்த படைப்பிரிவோ ஓராண்டு கூட நிலைத்திருக்கவில்லை. எனினும் அரிய ஆயுதங்களை ஆராய்வோர் இன்றும் அதனை ஆர்வத்தோடு பேசுகின்றனர். கருவியின் வரலாறு சுவையுடையதே. கண்டவரின் வரலாறு அதனினும் சிந்தனைக்குரியது. குறி தவறாத ஆயுதத்தைக் கையில் ஏந்தியவருக்கு, அதனை எப்பொழுது சுடாதிருத்தல் வேண்டும் என்னும் வினாவும் எழுந்தே தீரும். பெர்குசன் அவ்வினாவுக்கு ஒருமுறை அளித்த விடையையும், பின்னர் அதினின்றும் வழுவியதையும் நாம் ஒருங்கே நோக்குவோம்.

பெர்குசன் 1744-ஆம் ஆண்டு பிறந்தார். அவருடைய குடும்பம் அபெர்தீன்ஷயரில் பிட்பவர் என்னும் நிலத்துக்கு உரிமை பூண்டது. தந்தையார் ஜேம்ஸ் பெர்குசன் வழக்கறிஞராயிருந்து பின்னர் நீதிபதியாய் உயர்ந்தவர். தாயார் எலிபாங்கு பிரபுவின் மகளார். கனடாவில் கியூபெக்கின் கவர்னராய் விளங்கிய ஜேம்ஸ் மரே என்னும் தளகர்த்தர் அவ்வம்மையாரின் உடன்பிறந்தார். சட்டமும் படைத்தொழிலும் சேர்ந்து விளங்கிய இக்குடியிற் பிறந்த சிறுவர் மாமன் வழியையே பற்றினார். 1759-ல், தமது பதினைந்தாம் பிராயத்தில், ஸ்காட்ஸ் கிரேஸ் என வழங்கிய குதிரைப்படையில் இளம் அதிகாரியாய் அமர்ந்து, ஏழாண்டுப் போரின்பொருட்டு ஜெர்மனி சென்றார். காலில் உற்ற நோய் அவரைத் தாயகத்துக்குத் திருப்பிவிட்டது. 1768-ல், அக்கால வழக்கப்படி பொருள் கொடுத்து, எழுபதாம் காலாட்படையில் காப்டன் பதவியைப் பெற்று, மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய டொபேகோவில் ஊழியம் புரிந்தார். ஆங்கும் அந்நோய் அவரை விடாது தொடர்ந்தது. மெலிந்த உடலும் நோயுற்ற காலும் வாய்த்திருந்தும், ஊக்கம் ஒருநாளும் குன்றாதவர் அவர். தாயகம் திரும்பியபின் இலகு காலாட்படைப் பயிற்சியில் ஈடுபட்டிருந்த நாட்களில், துப்பாக்கியின் குறைகளைப் பற்றி ஆழ்ந்து எண்ணலானார்.

அக்குறைகள் யாவை? அந்நாளில் ஆங்கிலச் சிப்பாய் ஏந்தியது மஸ்கட் என்னும் வழுவழுப்பான குழலையுடைய துப்பாக்கி. மருந்தையும் குண்டையும் அதன் வாய்ப்புறத்தில் இட்டு, இருப்புக்கோலால் இடித்து, பின்னரே சுடுதல் வேண்டும். பழகிய வீரன் ஒரு நிமிஷத்தில் மூன்று முறை சுடுவான். ஆனால் குண்டு குழலில் தளர்ந்து கிடப்பதால், நூறு கஜத்துக்கு அப்பால் குறித்த ஒருவனைத் தாக்குவது பெரும்பாலும் தற்செயலே. ரைபிள் துப்பாக்கியின் குழலிலோ உட்புறம் சுருள் சுருளான பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். குண்டு அவற்றைப் பற்றிச் சுழன்றுகொண்டு வெளிப்படுதலால் நெடுந்தூரம் நேராய்ச் செல்லும். ஆனால் பள்ளங்களைப் பற்றும்படி இறுகிய குண்டை வாய்ப்புறத்தினின்று அடிவரை இடித்திறக்குவதற்கு நேரம் மிக ஆகும். விரைவு வேண்டின் குறியை இழத்தல் வேண்டும். குறி வேண்டின் விரைவை இழத்தல் வேண்டும். அன்றியும், இருவகைத் துப்பாக்கியிலும் மருந்திடுபவன் நிமிர்ந்து நிற்பதே வழக்கமாகையால், பகைவனுக்கு அவன் எளிய இலக்காயினான்.

பெர்குசன் இத்தீங்குகளை ஒரே உபாயத்தால் நீக்க முயன்றார். குழலின் அடிப்புறத்தில் மேலிருந்து கீழாகச் செல்லும் ஒரு திருகாணியை அமைத்து, அதனை விசையின் காப்பு வளையத்தோடு இணைத்தார். அவ்வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் திருகாணி இறங்கி, குழலின் மேற்புறத்தில் ஒரு துளை திறக்கும். குழலைச் சற்றே முன்புறம் சாய்த்து, அத்துளை வழியே முதலில் குண்டையும் பின்னர் மருந்தையும் இட்டு, வளையத்தை மீண்டும் சுற்றி மூடினால், துப்பாக்கி ஏறக்குறைய ஆயத்தமாகிவிடும். சாதாரணத் திருகாணியாயின் பல சுற்றுக்கள் வேண்டியிருக்கும். இதிலோ பல புரிகள் அடுத்தடுத்து வெட்டப்பட்டிருந்தமையால் ஒரே சுற்றுப் போதுமாயிற்று. வெடித்த மருந்தின் கரி அப்புரிகளிற் படிந்து திருகாணி சிக்காதபடி, அதன்மேல் சிறு பள்ளங்களும் வெட்டப்பட்டன. இருப்புக்கோலால் இடிக்கும் வேலையே இல்லை. வீரன் மண்ணிற் படுத்தவாறே மருந்திட்டுப் படுத்தவாறே சுடலாம். இத்தகைய திருகாணி முறையை முதலில் நினைத்தவர் பெர்குசன் அல்லர். அந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே லா ஷோமெட் என்னும் பிரெஞ்சு நிபுணர் இதற்கு வழி காட்டியிருந்தார். அதனைத் திருத்திப் போர்க்களத்துக்கு உரியதாக்கியதே பெர்குசனின் பெருமை.

உல்விச் பரீக்ஷையில் டவுன்ஷெண்டு பிரபு, அம்ஹர்ஸ்ட் பிரபு முதலிய ராணுவப் பெரியோர் வீற்றிருந்தனர். வானிலையோ துப்பாக்கிக்குப் பகையாயிருந்தது. பெர்குசன் இருநூறு கஜ தூரத்திலிருந்த இலக்கை நோக்கி, நிமிஷத்துக்கு நான்கு முறையாகச் சில நிமிஷ நேரம் இடைவிடாது சுட்டார். பின்னர் ஒரே நிமிஷத்தில் ஆறு முறை சுட்டார். மணிக்கு நான்கு மைல் வேகத்தில் முன்னேறி நடந்துகொண்டே நிமிஷத்துக்கு நான்கு முறை சுட்டார். மருந்திட்ட துப்பாக்கியில் ஒரு புட்டித் தண்ணீரை ஊற்றி நனைத்துவிட்டு, அரை நிமிஷத்துக்குள் அதனைச் சீர்செய்து முன்போலவே வெடிக்கச் செய்தார். இறுதியாக, தரையில் மல்லாந்து படுத்தவாறே நூறு கஜத்துக்கு அப்பாலிருந்த இலக்கின் நடுவைத் துளைத்தார். அன்று அவர் சுட்ட அத்தனை குண்டுகளிலும் மூன்றே தவறின. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் முன்னிலையிலும் வின்ஸரில் இவ்வித்தை காட்டப்பட்டது; 1776-ஆம் ஆண்டு டிஸம்பர் மாதத்தில் அரசாங்கத்தின் பேட்டண்டு உரிமையும் கிடைத்தது.

பர்மிங்ஹாம் நகரத்துத் தொழிலாளரைக்கொண்டு நூறு ரைபிள்கள் செய்யப்பட்டன. நூறு என்பது ஒரு பேரரசின் படைக்கு அற்பத் தொகையே. ஆயினும் அத்திருகாணியின் புரிகளை ஒன்றோடொன்று பொருந்த வெட்டுதல் கைதேர்ந்த தொழிலாளருக்கே இயல்வதாய், காலமும் பொருளும் மிகுதியாய் வேண்டுவதாய் இருந்தது. மேலும், பொறியை அமைக்க வேண்டி மரப்பிடியை ஆழக் குடைந்தமையால், அவ்விடத்தில் மரம் வலிவிழந்து பிளந்தது. எஞ்சியுள்ள துப்பாக்கிகளில் அவ்விடத்தை இருப்புத் தகட்டால் இறுக்கிச் செப்பனிட்ட அடையாளம் காணப்படுகிறது. ஆர்வம் மிக்க ஒருவரது கையில் அற்புதம் விளைத்த கருவி, ஆயிரம் சிப்பாய்களின் முரட்டுக் கைகளில் எவ்வாறு நிலைக்கும் என்னும் ஐயம் நியாயமானதே.

1777-ல் பெர்குசன் தம் சிறுபடையோடு அமெரிக்கா சென்று, சேனாதிபதி ஹவ்வின் படையிற் சேர்ந்தார். அவ்வாண்டு ஸெப்டம்பர் 11-ஆம் நாள் பென்ஸில்வேனியாவில் பிராண்டிவைன் ஆற்றங்கரையில் பெரும்போர் மூண்டது. பெர்குசனின் வீரர் படைக்கு முன்னணியாய்ச் சென்று, மரங்களின் மறைவிற் படுத்துச் சுட்டனர். அப்பொழுது பகைவர் பக்கத்திலிருந்து குதிரையேறிய இருவர் அணுகினர். ஒருவர் ஹுஸார் வீரரைப்போல் உடுத்தவர். மற்றவர் பெரியதொரு தொப்பி தரித்த உயர்ந்த அதிகாரி. நன்கு சுடும் மூவரை ஏவி அவர்களைச் சுடுமாறு பெர்குசன் பணித்தார். பணித்த மாத்திரத்திலே அச்செயல் அவருக்கு அருவருப்பாய்த் தோன்ற, அக்கட்டளையை மாற்றினார். பின்னர் அவ்வதிகாரி நூறு கஜ தூரத்துக்குள் வரவே, பெர்குசன் வெளிப்பட்டு நிற்குமாறு கூவினார். அவரோ சற்றே நின்று நோக்கி, அமைதியாய்க் குதிரையைத் திருப்பிச் செலுத்தினார். உல்விச்சில் இருநூறு கஜத்திலும் குறி தவறாத கை அது. அத்தொலைவைக் கடக்குமுன் பல குண்டுகளை அவர்மேல் பாய்ச்சியிருக்கலாம். எனினும், தமக்குத் தீங்கு செய்யாது தம் கடமையை அமைதியோடு ஆற்றிச் செல்லும் ஒருவரை முதுகிற் சுடுதல் தகாது என்று எண்ணி, அவரைப் போகவிட்டார். பிறகு, அவர் ஜார்ஜ் வாஷிங்டனாயிருத்தல் கூடும் என்று ஆஸ்பத்திரியில் ஒரு வைத்தியர் வாயிலாகக் கேள்வியுற்றார். அவர் வாஷிங்டன்தானா என்பது சரித்திர ஆசிரியர்களிடையே இன்றும் முடியாத விவாதம். அவர் யாராயிருப்பினும் பெர்குசனின் செயல் ஒன்றே: யாரென்று அறியாமலே காட்டிய கருணை அது. இச்செய்தியைத் தம் உறவினர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், அவ்வதிகாரி யாரென்று அப்பொழுது அறியாதிருந்தமைக்குத் தாம் வருந்தவில்லை என்றே அவர் குறித்துள்ளார்.

அன்றே ஒரு குண்டு பெர்குசனின் வலது முழங்கையை நொறுக்கியது. கையைத் துண்டித்தல் வேண்டுமோ என்று வைத்தியர்கள் அஞ்சினர். கை பிழைத்தது, ஆனால் பயன்படவில்லை. அவர் படுக்கையிற் கிடந்த நாட்களில் ரைபிள் படை கலைக்கப்பட்டு, வீரர் தத்தம் பழைய படைகளுக்குத் திருப்பப்பட்டனர்; துப்பாக்கிகள் கிடங்கு சேர்ந்தன. அக்கருவியை அறிந்து பரிந்து பேச வேறு எவரும் இலர். ஒருவரையே தூணாகக்கொண்ட முயற்சி அத்தூண் சாய்ந்தபோது தானும் சாய்ந்தது.

பெர்குசன் மனம் தளர்ந்தாரல்லர். இடது கையால் எழுதவும் வாளேந்தவும் பழகி மீண்டும் களம் புகுந்தார். ஆனால் இங்கே நாம் ஓர் இருண்ட பக்கத்தையும் மறைத்தலாகாது. 1778-ஆம் ஆண்டு அக்டோபரில், நியூ ஜெர்ஸிக் கடற்கரையில் லிட்டில் எக் ஹார்பர் என்னுமிடத்தில், உறங்கிக்கிடந்த புலாஸ்கி தளகர்த்தரின் வீரர்மேல் அவர் இரவிற் பாய்ந்தார். ஏறத்தாழ ஐம்பதின்மர் பயனெட்டுக்கு இரையாயினர். பிராண்டிவைனில் ஒருவரை முதுகிற் சுட மறுத்தவர், அங்கே துயின்றவர்களைக் கொல்லும் படைக்குத் தலைவராயினார்.

1780-ல் யுத்தம் தென் கரோலினாவுக்குப் பரவியது. ஆங்கே இருளில் நேர்ந்த பிழையால் தம் பக்கத்தாரே அவருடைய இடக்கையில் பயனெட்டாற் குத்திவிட, கடிவாளத்தைப் பல்லாற் கவ்விக்கொண்டு சில வாரம் குதிரை செலுத்தினார். அதே ஆண்டு மே மாதத்தில், மன்னருக்கு உண்மையான அமெரிக்கரைத் திரட்டி ஊர்ப்படை அமைக்கும் அதிகாரம் அவருக்கு அளிக்கப்பட்டது. மலைக்கு அப்பால் வாழ்ந்த குடியானவர் கலகத்தை விடாராயின், மலை கடந்து வந்து அவர்தம் தலைவரைத் தூக்கிலிட்டு, நாட்டைத் தீக்கும் வாளுக்கும் இரையாக்குவதாக அவர் செய்தி விடுத்தார். அச்செய்தி அவர்களை அச்சுறுத்துவதற்குப் பதிலாக ஒன்றுகூட்டியது. 1780-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் நாள், கிங்ஸ் மவுண்டன் என்னும் குன்றின்மேல் ஏறக்குறைய ஆயிரம் பேரோடு தங்கியிருந்த பெர்குசனை, ஏறக்குறைய தொள்ளாயிரம் பேர் சூழ்ந்துகொண்டனர். இருபக்கத்தும் போரிட்டோர் பெரும்பாலும் அமெரிக்கரே; அண்டை வீட்டார் அண்டை வீட்டாரை எதிர்த்தனர்.

வந்தவர் கையில் இருந்தவை நீண்ட வேட்டை ரைபிள்கள். அவர்கள் மரத்துக்கு மரம் மறைந்து குறி பார்த்துச் சுட்டனர். பெர்குசனின் வீரரோ பெரும்பாலும் மஸ்கட் ஏந்தியவர். குன்றின் உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் சுட்ட குண்டுகள் பகைவர் தலைக்கு மேலேயே சென்றன. மறைந்து கிடந்து குறி பார்த்துச் சுடுதலே போரின் வருங்கால முறை என்று தம் நாட்டார்க்குக் காட்டியவர், அம்முறையினாலேயே வீழ நேர்ந்தது. வெள்ளிச் சீழ்க்கையை ஊதிக்கொண்டு குதிரைமேல் பகைவரைப் பிளந்து செல்ல முயன்ற பெர்குசன், பல குண்டுகள் ஒருங்கே பாய, உயிர் துறந்தார். அவருக்கு அப்பொழுது வயது முப்பத்தாறு. ஒரு மணி நேரத்தளவில் போர் முடிவுற்றது. வெண்கொடி காட்டிச் சரணடைந்தோர்மேலும் வென்றோரிற் சிலர் தொடர்ந்து சுட்டனர் என்பதும் வரலாறே.

அவருக்குப்பின் அவரது ரைபிளைப் பற்றிப் பேசுவார் இலராயினர். 1800-க்குப்பின் ஆங்கில ரைபிள் படைகள் ஏந்திய பேக்கர் ரைபிளும் வாய்ப்புறத்தில் மருந்திடுவதே. அடிப்புறத்தில் தோட்டா இடும் ஸ்னைடர் ரைபிள் ஆங்கிலப் படைக்குப் பொதுவில் வழங்கியது 1866-ல். உல்விச் பரீக்ஷைக்குத் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின். பெர்குசன் செய்வித்த நூறில் எஞ்சியவை மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று நியூ ஜெர்ஸியில் மாரிஸ்டவுன் சரித்திரப் பூங்காவின் காட்சிச்சாலையில் உள்ளது. அவர் வீழ்ந்த குன்றிலோ, 1930-ல், போரின் நூற்றைம்பதாம் ஆண்டு நிறைவில், அமெரிக்கக் குடிகள் தம் பகைவராயிருந்த அவருக்கு ஒரு நினைவுக்கல் நாட்டினர்.

மாணவ நண்பர்களே, இவ்வாழ்க்கையினின்றும் நாம் கொள்ளத்தக்கது யாது? புதியது காணும் ஆர்வம் பெரிது. ஆனால் அதனைப் பிறர்க்கும் கற்பித்துவைக்காவிடின், கண்டவரோடு அதுவும் மறையும். அதனினும் பெரிய உண்மை ஒன்று உண்டு. கருவி எவ்வளவு செம்மையுறுகிறதோ, அவ்வளவுக்கு அதனைக் கையாள்பவன் பொறுப்பும் வளர்கிறது. குறி தவறும் துப்பாக்கிக்காரன் விதியின்மேற் பழி போடலாம். குறி தவறாதவனுக்கு அப்புகலிடம் இல்லை. பிராண்டிவைனில் பெர்குசன் அப்பொறுப்பை உணர்ந்து நின்றார். லிட்டில் எக் ஹார்பரிலும், மலைநாட்டாருக்கு விடுத்த செய்தியிலும் அதனை மறந்தார். அவர் செய்த ரைபிள் கண்ணாடிப் பேழைக்குள் கிடக்கிறது. அந்த ரைபிளால் சுடாது விட்ட ஒரு கணமோ, அவரைப் பகைத்த நாட்டாரும் மறவாது எடுத்துரைக்கும் செய்தியாய் நிற்கிறது. அறிவியலின் ஆற்றல் நாள்தோறும் பெருகும் இக்காலத்தில் கல்வி கற்கும் நாம், கருவியின் கூர்மையோடு நெஞ்சின் கூர்மையையும் வளர்த்தல் கடனாகும்.