கிருஷ்ணமூர்த்தி மறுத்த பட்டம்

நாயுடுபேட்டையிலிருந்து மேற்கே செல்லும் நெடுஞ்சாலை திருக்காளத்தியையும் திருப்பதியையும் கடந்து மதனப்பள்ளியைச் சென்றடைகிறது. அவ்வூரில் 1895ஆம் ஆண்டு மே மாதம், ஒரு தெலுங்குக் குடும்பத்தின் எட்டாவது பிள்ளையாகப் பிறந்தவர் ஜே. கிருஷ்ணமூர்த்தி. தந்தை நாராயணையா வருவாய்த்துறை ஊழியர். தாய் சஞ்சீவம்மா 1905இல் மறைந்தார்.

பள்ளியில் அச்சிறுவன் மந்தமானவன் என்றே பெயர் எடுத்தான். பாடம் மனத்தில் பதிவதில்லை. பிரம்படி மட்டும் தவறுவதில்லை. வகுப்பிலிருந்து வெளியே நிறுத்தப்பட்டால், யாரேனும் வந்து அழைக்கும்வரை அங்கேயே நிற்பான். மாலையில் தம்பி நித்யானந்தம் வந்து வீட்டிற்கு அழைத்துச் செல்வான். தம்பியோ படிப்பில் சூரன். ஏழைப் பிள்ளைகள் கேட்டால் தன் பலகையையும் பென்சிலையும் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவதும் மூத்தவனின் வழக்கம். ஒருநாள் தந்தையின் கடிகாரத்தைப் பிரித்துப் போட்டான். அதை மீண்டும் பூட்டி ஓடவைக்கும்வரை பள்ளிக்கும் போகவில்லை, உண்ணவும் இல்லை. மந்தம் என்று சொன்னவர்கள் இதையும் கணக்கில் கொண்டிருக்கலாம்.

1909இல் குடும்பம் சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபை வளாகத்தை ஒட்டிக் குடியேறியது. அங்குக் கடற்கரையில் அவனைக் கண்ட லெட்பீட்டர் என்பவர், உலகத்திற்கு வரவிருக்கும் குருவாக இச்சிறுவன் விளங்குவான் என்று அறிவித்தார். சபைத் தலைவர் அன்னி பெசன்ட் அம்மையார் சகோதரர் இருவரையும் தம் பிள்ளைகளாக ஏற்று வளர்த்தார். 1911இல் கிருஷ்ணமூர்த்தியைத் தலைவராகக் கொண்டு விண்மீன் சங்கம் என்னும் அமைப்பு தோன்றியது. நேற்றுவரை பிரம்படி பெற்ற சிறுவனை முதியோரும் வணங்கத் தொடங்கினர். இகழ்ச்சி, புகழ்ச்சி ஆகிய இரண்டிலும் அவன் யார் என்பதைப் பிறரே முடிவு செய்தனர்.

சகோதரர்கள் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டனர். நித்யானந்தம் சட்டம் பயின்று தேறினார். கிருஷ்ணமூர்த்தியோ இலண்டன் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் மீண்டும் மீண்டும் தோல்வியுற்றார். பின்னர் தம்பியைக் காசநோய் பற்றியது. உலகப் பணிக்கு அவர் தேவைப்படுவதால் அவருக்கு மரணம் நேராது என்று உடனிருந்தோர் உறுதி கூறினர், அண்ணனும் நம்பினார். 1925 நவம்பர் 13 அன்று, அமெரிக்காவின் ஒஹாய் என்னும் ஊரில் நித்யானந்தம் இறந்தார். அப்போது கிருஷ்ணமூர்த்தி இந்தியா நோக்கிக் கப்பலில் வந்துகொண்டிருந்தார். தந்தி வழியே செய்தி அறிந்து பல நாள்கள் அழுதார். மற்றவர் சொன்னதை அப்படியே ஏற்கும் மனம் அத்துடன் அவரிடமிருந்து விலகியது எனலாம்.

அவருடைய தோழர் பலரும் விண்மீன் சங்கத்தினரே. ஆசிரியராக இருந்து கற்பித்தோரும், உணவும் உடையும் தந்தோரும் அச்சங்கத்தையே உயிராகக் கருதியவர்கள். ஊரார் முன்னிலையில் மறுத்துப் பேசுவதைக் காட்டிலும், அன்பு காட்டியவர் முன்னிலையில் மறுப்பது கடினம். 1929 ஆகஸ்டு 3 அன்று, ஹாலந்து நாட்டு ஓமன் முகாமில், பெசன்ட் அம்மையாரும் மூவாயிரத்திற்கும் மேற்பட்ட உறுப்பினரும் அமர்ந்திருக்க, முப்பத்து நான்கு வயதான கிருஷ்ணமூர்த்தி எழுந்து சங்கத்தைக் கலைத்துவிட்டதாக அறிவித்தார். உண்மையை எந்த அமைப்பாலும் பிறருக்குக் காட்டித்தர இயலாது என்றும், தமக்குச் சீடர் எவரும் வேண்டா என்றும் விளக்கினார். சங்கத்திற்கு நன்கொடையாக வந்த கோட்டையும் பெருநிலமும் கொடுத்தவரிடமே திரும்பின.

கண்ணீர் விட்டோர் உண்டு, சினந்தோரும் உண்டு. பெசன்ட் அம்மையார் அவர்மீது கொண்ட அன்பில் 1933இல் தாம் மறையும்வரை குறைவு ஏதும் நேரவில்லை.

பின்னர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கிருஷ்ணமூர்த்தி நாடு நாடாகச் சென்று உரையாற்றினார். மாணவரை மாணவரோடு ஒப்பிடலாகாது என்பது கல்வி குறித்து அவர் விடாது வலியுறுத்திய கருத்து. மதனப்பள்ளிக்கு அருகில் அவர் நோக்கின்படி நடைபெறும் ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளிக்கு ஆண்டுதோறும் வந்து, பிள்ளைகளோடு அமர்ந்து உரையாடுவார். 1986 பிப்ரவரி 17 அன்று, தம்பி இறந்த அதே ஒஹாயில், தொண்ணூறாவது வயதில் காலமானார். தமக்குப் பின் தம் பெயரால் பேச எவரையும் அவர் நியமிக்கவில்லை.