சர் வால்ட்டர் ஸ்காட்

ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில், பிரின்சஸ் தெருவின் ஓரத்தில், 200 அடி உயரமுள்ள மணற்கல் கோபுரம் ஒன்று நிற்கின்றது. புகை படிந்து கருத்த அக்கோபுரத்தின் அடியில், வெண்பளிங்கில் வடித்த ஒருவர் போர்வை போர்த்து அமர்ந்திருக்கின்றார். அருகே அவருடைய வேட்டை நாய் படுத்திருக்கின்றது. அக்கோபுரம் அரசர்க்கோ படைத்தலைவர்க்கோ எடுத்தது அன்று. கதை எழுதிய ஒருவர்க்கு மக்கள் பணம் திரட்டி எடுத்தது. அவரே சர் வால்ட்டர் ஸ்காட்.

ஸ்காட் 1771ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15ஆம் நாள் அந்நகரில் ஒரு வழக்கறிஞரின் மகனாகப் பிறந்தார். ஒன்றரை வயதில் இளம்பிள்ளைவாதம் தாக்கவே, அவருடைய வலக்கால் ஊனமுற்றது. நாட்டுப்புறக் காற்றில் உடல் தேறட்டும் என்று பெற்றோர் அவரைப் பாட்டனாரின் பண்ணைக்கு அனுப்பினர். அங்கே பாட்டியாரும் அத்தையாரும் எல்லைப்புற வீரர்களின் பழங்கதைகளைச் சொல்லக் கேட்டு வளர்ந்தார். அந்தக் கால் அவரிடமிருந்து பறித்ததைவிட அவருக்குக் கொடுத்ததே மிகுதி எனலாம்.

வழக்கறிஞரான பின்னும் அப்பழங்கதைகள் அவரை விடவில்லை. மலைப்புறங்களில் குதிரையேறித் திரிந்து, எளிய மக்கள் வாய்மொழியாகப் பாடிவந்த கதைப்பாடல்களைத் திரட்டினார். விரிவான குறிப்புகளுடன் 1802, 1803ஆம் ஆண்டுகளில் நூலாக வெளியிட்டார். கற்றோர் அந்நூலைப் போற்றினர். பாடல் சொல்லித் தந்த மூதாட்டி மார்கரெட் லெய்ட்லா மட்டும் மகிழவில்லை. பாடுவதற்கென்று பிறந்த பாட்டை அச்சிலேற்றிக் கெடுத்துவிட்டதாக அவரைக் கடிந்துகொண்டார் என்பர். அக்கடுஞ்சொல்லிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

1814ஆம் ஆண்டு அவருடைய முதற் புதினமாகிய வேவர்லி வெளிவந்தது. அதில் ஆசிரியர் பெயர் இல்லை. பின்வந்த புதினங்களும் வேவர்லி ஆசிரியர் இயற்றியவை என்றே வெளிவந்தன. உண்மையைப் பலர் ஊகித்திருந்தனர். எனினும் 1827ஆம் ஆண்டு ஒரு பொது விருந்தில்தான் ஸ்காட் எல்லாரும் அறிய அதை ஒப்புக்கொண்டார்.

அதற்கு முந்திய ஆண்டே அவர் வாழ்வில் பேரிடி விழுந்தது. அவருடைய பதிப்பாளரின் நிறுவனமும், அவர் பங்காளியாயிருந்த அச்சகமும் ஒருங்கே முறிந்தன. ஏறத்தாழ 1,20,000 பவுன் கடன் அவர் தலைமேல் ஏறியது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. அதே ஆண்டு மனைவியாரும் மறைந்தார். கடனிலிருந்து விலகிக்கொள்ளச் சட்டத்தில் வழி இருந்தது. ஸ்காட் அவ்வழியை நாடவில்லை. எழுதியே அடைப்பேன் என்று கடன்காரர்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். ஒன்பது தொகுதிகள் கொண்ட நெப்போலியன் வரலாறும் புதினங்கள் சிலவும் அக்கடனுக்காக எழுந்தவை. கடன் குறைந்துகொண்டே வந்தது. உடலும் உடன் தேய்ந்தது. 1832ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். எஞ்சிய கடன் அவருடைய நூல்களின் வருவாயினாலேயே பின்னர்த் தீர்ந்தது.

மக்கள் நினைவுச்சின்னம் எழுப்ப முனைந்தனர். சிறந்த வரைபடத்திற்கு 1836ஆம் ஆண்டு போட்டி அறிவிக்கப்பட்டது. ஜார்ஜ் மெய்க்கிள் கெம்ப் என்னும் தச்சர், முறையாகக் கட்டடக்கலை பயிலாதவர், புனைபெயரில் தம் படத்தை அனுப்பினார். பெயரை மறைத்து எழுதியவர்க்குப் பெயரை மறைத்து வரைந்தவரே கோபுரம் அமைக்க நேர்ந்தது! 1840ஆம் ஆண்டு, ஸ்காட்டின் பிறந்த நாளன்று, அடிக்கல் நாட்டப்பட்டது. புதின மாந்தரின் சிற்றுருவங்கள் பல கோபுர மாடங்களில் இடம்பெற்றன.

நகரம் அவரை மறக்கவில்லை. 1871ஆம் ஆண்டு நூற்றாண்டு விழாக் கொண்டாடியது. அதன் பெரிய இரயில் நிலையமும் வேவர்லி என்னும் பெயர் தாங்கியது. 2010ஆம் ஆண்டு முதல் வரலாற்றுப் புதினங்களுக்கு ஸ்காட் பெயரால் பரிசு வழங்கத் தொடங்கினர்.

கெம்ப் தம் கோபுரம் முடிவுறக் காணவில்லை. 1844ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், ஓர் இருண்ட மாலையில் வீடு திரும்புகையில், கால்வாயில் விழுந்து இறந்தார். அவ்வாண்டிலேயே கோபுரத்தின் முடிக்கல்லை அவருடைய மகன் வைத்தான். 1846ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15ஆம் நாள், மீண்டும் ஸ்காட்டின் பிறந்த நாளில், கோபுரம் திறந்து வைக்கப்பட்டது.